கார் சீட்டுக்கு அடியில் சப்வூஃபர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கடைக்காரன் இல்லை. கோவையில் வேறு வேலை பார்க்கிறவன். சொந்த வண்டி, மச்சான் வண்டி, ஆபீஸ் நண்பர்கள் வண்டி என்று வார இறுதிகளில் ஏழெட்டு வண்டிகளில் சீட்டுக்கு அடியில் சப்வூஃபர், அதாவது பாட்டின் பேஸை மட்டும் ஒலிக்கிற ஸ்பீக்கர் பெட்டி, வைத்துப் பழகினவன். அதில் இரண்டு சொதப்பல், இரண்டும் கீழே வருகின்றன. போன் பண்ணுகிற எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள், அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

டிக்கி இருக்கும்போது சீட்டுக்கு அடியில் எதற்கு?

டிக்கி காலியாக இருக்கிறவர்கள் தாராளமாக டிக்கியிலேயே வைக்கலாம். ஆனால் யாருக்கு டிக்கி காலியாக இருக்கிறது? சிஎன்ஜி போட்ட வண்டியில் பாதியை சிலிண்டர் எடுத்துக்கொள்கிறது. ஊருக்குப் போய்த் திரும்பினால் மீதியை அரிசி மூட்டையும் தேங்காயும் எடுத்துக்கொள்ளும், அதில் ஒரு தேங்காய் உருண்டு வந்து ஸ்பீக்கரின் கோனில் (முன்னும் பின்னும் ஆடி ஒலி எழுப்புகிற கிண்ணம் மாதிரிப் பகுதி) குத்தினால் கதை முடிந்தது. வி-கிராஸ், ஹைலக்ஸ் மாதிரி டபுள் கேப் பிக்கப்களில் டிக்கி என்ற பேச்சே இல்லை, பின்னால் இருப்பது மழையில் நனைகிற தொட்டி. அமெரிக்காவில் பிக்கப் ஓட்டுகிறவர்கள் பின் சீட்டுக்கு அடியில் நீளமான தட்டைப் பெட்டி வைப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

சத்தத்திலும் பெரிய நஷ்டம் இல்லை. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர், வண்டியின் உள்நீளம் அதில் பாதிகூட வராது, அதனால் அவ்வளவு தாழ்ந்த ஒலி காலுக்கு அடியிலிருந்து வருகிறதா முதுகுக்குப் பின்னாலிருந்து வருகிறதா என்று காதால் பிரித்துச் சொல்ல முடியாது. செடானில் டிக்கிக்கும் கேபினுக்கும் நடுவே பின் சீட்டின் முதுகு சுவர் மாதிரி நிற்கும், சீட்டுக்கு அடியில் அந்தத் தடையும் கிடையாது. பிஎம்டபிள்யூ பல வருடங்களாகப் பல மாடல்களில் முன் சீட் இரண்டுக்கும் அடியில் கம்பெனியிலேயே வூஃபர் வைத்துத்தான் அனுப்புகிறது. அதனால் இதை ஏதோ இடம் இல்லாதவன் செய்யும் சமாளிப்பு என்று நினைக்க வேண்டாம்.

எத்தனை இஞ்ச் வூஃபர் (பெட்டிக்குள் பொருத்துகிற ஸ்பீக்கர்) வாங்குவது?

இந்தக் கேள்வியில் ஆரம்பித்தால் காசு போகும். முதலில் இடம், அப்புறம்தான் வூஃபர். இடத்தை அளப்பது என்றால் காலி சீட்டுக்கு அடியில் டேப்பை விட்டுப் பார்ப்பது இல்லை. நான் முதல் தடவை அப்படித்தான் அளந்தேன். டேப் 165 மிமீ காட்டியது, 140 மிமீ உயரத்தில் கோன் மேலே பார்க்கிற மாதிரி ஒரு பாக்ஸ் வைத்தேன், நான் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தபோது ஒரு குறையும் இல்லை. அடுத்த வாரம் 95 கிலோ இருக்கிற என் பெரியப்பா ஏறி உட்கார்ந்தார். ஒரு ஸ்பீடு பிரேக்கரில் வண்டி குதித்ததும் சீட்டின் அடிக்கம்பி இறங்கி கோனை அழுத்தி ரப்பர் விளிம்பைக் கிழித்துவிட்டது. அவருக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. "என்னடா, பாட்டு கரகரங்குது" என்றார்.

இப்போது நான் செய்வது வேறு. சப்பாத்தி மாவைக் கெட்டியாகப் பிசைந்து, சீட்டின் அடியைத் தொடும் உயரத்துக்கு ஐந்தாறு கூம்புகளாகப் பிடித்து, பாலிதீன் தாள் விரித்து நான்கு மூலையிலும் நடுவிலும் நிறுத்துகிறேன். உயரம் மாற்றும் லீவர் இருந்தால் சீட்டை ஆகக் கீழே இறக்கிவிட்டு, வீட்டில் இருப்பதிலேயே கனமான ஆளை உட்கார வைத்து, இரண்டு மூன்று முறை குதித்து உட்காரச் சொல்கிறேன். பிறகு சீட்டைக் கடைசி வரை முன்னாலும் கடைசி வரை பின்னாலும் தள்ளிப் பார்த்தால் குறுக்குக் கம்பி எங்கே உரசுகிறது என்று மாவிலேயே கோடு விழுந்திருக்கும். ஆளை இறக்கிவிட்டு அமுங்கின மாவின் உயரத்தை அளந்தால் அதுதான் உண்மையான இடம். டேப் 165 சொன்ன அதே சீட்டில் மாவு 128 சொன்னது. அதிலிருந்தும் ஒரு 10 மிமீ கழித்துக்கொள்ளுங்கள்.

ஹேட்ச்பேக் முன் சீட்டில் இவ்வளவுதான் கிடைக்கிறது என்றால் ஆசாரியிடம் போகவே வேண்டாம். 70, 80 மிமீ உயரத்தில், ஆம்ப்பும் (ஆம்ப்ளிஃபயர்) உள்ளேயே இருக்கிற தட்டையான ஆக்டிவ் சப்வூஃபர் வாங்கி வையுங்கள், பயனியர், ஜேபிஎல், சோனி, கென்வுட் எல்லோரும் போடுகிறார்கள். 180 மிமீக்கு மேல் இடம் இருந்தால்தான், அதாவது பிக்கப் பின் சீட்டு மாதிரி இடங்களில்தான், சொந்தமாகப் பெட்டி செய்வதில் அர்த்தம் இருக்கிறது. கீழே மரம், லிட்டர் என்று பேசுவதெல்லாம் அப்படி இடம் இருக்கிறவர்களுக்கு.

கோன் மேலே பார்க்க வேண்டுமா, கீழே பார்க்க வேண்டுமா?

அதிகம் சண்டை நடக்கிற கேள்வி இதுதான். தாழ்ந்த ஒலிக்கு கோன் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது காதைப் பொறுத்தவரை முக்கியம் இல்லை, கோனுக்கு முன்னால் காற்று போய்வர வழி இருக்கிறதா என்பதுதான் முக்கியம். எளிய கணக்கு ஒன்று உண்டு. கோனின் அசைகிற பகுதியின் விட்டத்தில் கால் பங்கு இடைவெளி முன்னால் இருக்க வேண்டும், அப்போது கோனின் பரப்பும் அதைச் சுற்றிக் காற்று வெளியேறுகிற சந்தின் பரப்பும் சமமாக வரும். 10 இஞ்ச் வூஃபரில் அசைகிற பகுதி சுமார் 21 செமீ, ஆக 5 செமீக்குச் சற்று மேல். 8 இஞ்சுக்கு 4 செமீ.

இது கிடைக்காவிட்டால் குடி முழுகிவிடாது. 2.5 செமீ வரை இறக்கி வைத்திருக்கிறேன், ஓடுகிறது. அதற்கும் கீழே போனால் சந்தில் அடைபட்ட காற்று கோனோடு சேர்ந்து ஆடி, கோனே கனத்துப்போன மாதிரி ஆகிவிடும். வால்யூம் ஏற்றினால் புஸ் புஸ் என்று காற்று சீறுகிற சத்தம் தனியாகக் கேட்கும். ஒரு பக்கம் வண்டிச் சுவரோடு ஒட்டி, இன்னொரு பக்கம் தரையின் மேடு அடைத்துக்கொண்டால் சந்து பாதியாகிவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மேலே பார்த்து வைத்தால் சீட்டின் ஸ்பாஞ்ச் சத்தத்தை அமுக்கிவிடாதா என்று கேட்கிறார்கள். தாழ்ந்த ஒலிக்கு ஸ்பாஞ்ச் ஒரு பொருட்டே இல்லை. பிரச்சினை வேறு: பின்னால் உட்காருகிறவர் ஷூ முனையை முன் சீட்டுக்கு அடியில் நீட்டுவார், கோன் மேலே பார்த்தால் கிரில் (வலை மூடி) கட்டாயம் வேண்டும். பிக்கப் பின் சீட்டில் நான் கண்ணை மூடிக்கொண்டு கீழே பார்க்கத்தான் வைப்பேன். வேர்க்கடலைத் தோல், முறுக்குத் தூள், பத்து ரூபாய் நாணயம், குழந்தையின் ஒற்றைச் செருப்பு எல்லாம் வந்து சேர்கிற இடம் அது.

கீழே பார்த்து வைத்தால் நாளடைவில் கோன் தொங்கிவிடும் என்கிறார்களே?

அரை உண்மை. எவ்வளவு தொங்கும் என்பது வூஃபரின் எஃப்எஸ் என்ற எண்ணைப் பொறுத்தது, அதாவது பெட்டிக்கு வெளியே அது இயல்பாக ஆடுகிற அதிர்வெண். எஃப்எஸ் 35 ஹெர்ட்ஸ் இருந்தால் கோன் தன் எடையால் இறங்குவது 0.2 மிமீதான், 20 ஹெர்ட்ஸ் இருந்தால் 0.6 மிமீ. இரு பக்கமும் 8 மிமீ ஆடக்கூடிய வூஃபருக்கு 0.2 என்பது தூசு. சீட்டுக்கு அடியில் போடுகிற தட்டை வூஃபர்களில் எஃப்எஸ் பொதுவாக 30க்கு மேல்தான் இருக்கும், கவலைப்பட வேண்டியதில்லை. பெரிய கனமான கோன், தொளதொளப்பான சஸ்பென்ஷன் உள்ளதை வாங்கிக் கவிழ்த்தால்தான் யோசிக்க வேண்டும்.

பெட்டி எத்தனை லிட்டர் இருக்க வேண்டும்?

இதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும், ஆனால் இதில்தான் எல்லாமே இருக்கிறது.

ஒரு பிக்கப் பின் சீட்டு. மாவு சொன்ன இடம் 205 மிமீ என்று வைத்துக்கொள்வோம். கோன் கீழே பார்க்கப் பெட்டிக்கு 45 மிமீ உயரத்தில் கால்கள், மேலே 10 மிமீ இடைவெளி விட்டால் பெட்டியின் வெளி உயரம் 150. நீளம் 800, அகலம் 300. வெளி அளவைப் பெருக்கினால் 36 லிட்டர் வரும், அதைப் பார்த்து மயங்கித்தான் பலபேர் பெரிய வூஃபர் வாங்குகிறார்கள். 18 மிமீ பலகை என்றால் ஒவ்வொரு அளவிலும் 36 மிமீ போகும். உள்ளே மிச்சம் 764, 264, 114. பெருக்கினால் 23 லிட்டர். மூன்றில் ஒரு பங்கைப் பலகையே சாப்பிட்டுவிட்டது! வூஃபரின் உடம்பும் உள்ளே தாங்குகிற குறுக்குக் கட்டையும் இன்னும் 2, 3 லிட்டர் எடுக்கும், கடைசியில் 20 லிட்டர்.

இப்போது வூஃபர் பக்கம். அதோடு வரும் விவரத் தாளில் எஃப்எஸ் (Fs), க்யூடிஎஸ் (Qts), வாஸ் (Vas) என்று மூன்று எண்கள் இருக்கும். வாஸ் என்ற லிட்டர் அளவைப் பெட்டியின் லிட்டரால் வகுத்து, 1 கூட்டி, வர்க்கமூலம் எடுங்கள். வருகிற எண்ணால் எஃப்எஸ்ஸைப் பெருக்கினால் பெட்டிக்குள் போனபின் வூஃபரின் அதிர்வெண். க்யூடிஎஸ்ஸைப் பெருக்கினால் க்யூடிசி, அதாவது பேஸ் எவ்வளவு கட்டுக்குள் இருக்கிறது என்கிற எண். எடுத்துக்காட்டுக்கு எஃப்எஸ் 35, க்யூடிஎஸ் 0.5, வாஸ் 20 லிட்டர் உள்ள ஒரு வூஃபர். 20 லிட்டரில் வைத்தால் 20ஐ 20ஆல் வகுக்க 1, கூட்டினால் 2, வர்க்கமூலம் 1.414. அதிர்வெண் 49.5 ஹெர்ட்ஸ், க்யூடிசி 0.707. எங்கும் புடைக்காமல் சமமாக இறங்கும் என்று புத்தகங்கள் சொல்கிற அதே எண். அதே வூஃபரை 10 லிட்டரில் அடைத்தால் 60.6 ஹெர்ட்ஸ், 0.87. ஏழு லிட்டரில் 69 ஹெர்ட்ஸ், 0.98.

அதாவது பெட்டி சுருங்கச் சுருங்க உள்ளிருக்கும் காற்று இறுக்கமான ஸ்பிரிங் ஆகிறது, அடி பேஸ் குறைந்து நடு பேஸ் புடைக்கிறது. 0.9 வரை வண்டிக்குள் எனக்குப் பிடித்தமாகவே கேட்கும், 1ஐத் தாண்டினால் எல்லாப் பாட்டும் டொம் டொம் என்று ஒரே சுருதியில் அடிக்க ஆரம்பிக்கும். நம் பக்கம் ஒரு நல்ல விஷயமும் இருக்கிறது. மூடின கேபினே அடி பேஸைத் தூக்கிக் கொடுக்கும். உள்நீளம் 2.4 மீட்டர் என்றால் சுமார் 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே அந்தத் தூக்கல் ஆரம்பிக்கும். சீல்டு பெட்டியில், அதாவது காற்றுப் புகாமல் மூடின பெட்டியில், அதிர்வெண் கீழே போகப் போக ஒலி குறைவதை இது ஓரளவு நிரப்பிவிடும். வீட்டு ஹாலில் சப்பென்று கேட்ட அதே பெட்டி வண்டிக்குள் போனதும் ஆளை மாற்றிக்கொள்வது இதனால்தான்.

அதே பெட்டியில் ஒரு வூஃபரா, இரண்டா?

மேலே சொன்ன 20 லிட்டரை நடுவில் பலகை வைத்துப் பிரித்து இரண்டு 10 இஞ்ச் போட்டால் ஆளுக்கு 10 லிட்டர், க்யூடிசி 0.87. ஒன்று மட்டும் போட்டால் 0.707. இரண்டு போட்டால் அதிக சத்தம், ஒன்று போட்டால் இன்னும் கொஞ்சம் ஆழம். எனக்கு ஒன்று போதும். மச்சானுக்கு இரண்டு வேண்டும், அவன் ரசனை அவனுக்கு. இரண்டு போட்டால் ஒயரில் பிளஸ் மைனஸ் ஒன்றில் மாறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஒன்று வெளியே தள்ளும்போது இன்னொன்று உள்ளே இழுத்தால் இரண்டும் சேர்ந்து பேஸையே காணாமல் ஆக்கிவிடும். இரண்டு வூஃபர் போட்டும் ஒன்றை விடக் குறைவாகக் கேட்கிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது அந்த ஒயரைத்தான்.

ஆழத்துக்கு எவ்வளவு விட வேண்டும்?

சாதாரண 10 இஞ்ச் வூஃபர் 13, 14 செமீ ஆழம் கேட்கும், சீட்டுக்கு அடியில் நடக்காது. ஷாலோ மவுண்ட் என்று கேட்டு வாங்குங்கள், ஆழம் 8 செமீ அளவில் இருக்கும். காந்தத்தின் பின்னால் ஓட்டை இருந்தால் அது மூச்சுவிட 2 செமீயாவது வேண்டும். மேலே போட்ட பெட்டியில் உள்ளே 114 மிமீ இருக்கிறது, தாராளம்.

போர்ட் (பெட்டியிலிருந்து காற்று வெளியே போய்வருகிற குழாய்) வைத்தால் இன்னும் அடிக்குமே?

அடிக்கும், இடம் இருந்தால். இவ்வளவு சின்னப் பெட்டியை 40 ஹெர்ட்ஸ் பக்கம் ட்யூன் பண்ண வேண்டுமென்றால் குழாயின் நீளம் பெட்டிக்குள் அடங்காது, அடங்கும்படி குழாயை ஒல்லியாக்கினால் விசில் அடிக்கும். விடுங்கள்.

பெட்டிக்குள் பஞ்சு அடைக்கலாமா?

அடைக்கலாம், பெட்டி 10, 15 சதவீதம் பெரிதானது மாதிரி நடக்கும். ரெக்ரான் தலையணை ஒன்றைப் பிரித்தால் போதும், உதிர்த்துப் பரவலாக அடையுங்கள், திணிக்க வேண்டாம். வீட்டில் இருக்கிறதே என்று இலவம் பஞ்சைப் போடாதீர்கள், அதன் இழை பறந்து கோனை ஆட்டுகிற வாய்ஸ் காயில் (கம்பிச் சுருள்) சிக்கும், ஈரமும் இழுக்கும். காந்தத்தின் பின் ஓட்டையைப் பஞ்சு அடைத்துக்கொள்ளாமல் ஒரு வலைத் துணி கட்டிவிடுங்கள்.

எம்டிஎஃப்பா, பிளைவுட்டா?

கடைகளில் எம்டிஎஃப்தான் (மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) பழக்கம். அறுக்கச் சுலபம், விலை குறைவு. டிக்கிக்கு அது சரி. சீட்டுக்கு அடியில் கார்பெட் நனைகிற இடம், ஈரம் பட்டால் எம்டிஎஃப் இட்லி மாதிரி உப்பிவிடும். நான் 12 மிமீ வாட்டர்ப்ரூஃப் பிளைவுட்டில், உள்ளே நடுவில் ஒரு குறுக்குக் கட்டை கொடுத்து, வூஃபர் உட்காருகிற பலகையை மட்டும் இரட்டையாக ஒட்டிச் செய்கிறேன். பலகை மெலிவதால் உள்நீளத்திலும் அகலத்திலும் 12 மிமீ மிச்சம் ஆகிறது.

ஆசாரி கதவு ஜன்னல் செய்து பழகினவர், ஆணி அடித்துப் பளபளவென்று மைக்கா ஒட்டிக் கொடுத்துவிடுவார். பெட்டி காற்றுப் புகாமல் இருக்க வேண்டும் என்பதை மட்டும் அவரிடம் நான்கு தடவை சொல்லுங்கள். மூலை எல்லாம் உள்பக்கம் பசையோடு மரத்தூள் கலந்து பூசி, அது காய்ந்தபின் சிலிகான் ஓட வேண்டும். சிலிகான் புளிப்பு வாசம் போகும் வரை, ஒரு நாளாவது, வூஃபரைப் போடாதீர்கள், அந்த ஆவி வூஃபரின் பசைக்கு நல்லது இல்லை என்பதால். போட்டபின் சோதனை சுலபம். 30 ஹெர்ட்ஸ் டோனை (ஒரே சுருதியில் நிற்கிற சோதனை ஒலி) சின்ன சத்தத்தில் ஓடவிட்டு ஒரு ஊதுபத்தியைப் பற்றவைத்து மூட்டு மூட்டாகக் கொண்டு போங்கள். ஓட்டை இருக்கிற இடத்தில் புகை நேராக எழும்பாமல் வெட்டி வெட்டி ஆடும். ஒயர் வெளியே வருகிற ஓட்டையில்தான் பாதி நேரம் மாட்டும்.

தரையில் ஸ்க்ரூ போட்டு இறுக்கலாமா?

போடுவதற்கு முன் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள், இது விளையாட்டு இல்லை. நிறைய ஹேட்ச்பேக்குகளில் பெட்ரோல் டேங்க் பின் சீட்டுக்குக் கீழே தரைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, ஹோண்டா ஜாஸில் முன் சீட்டுகளுக்கு அடியில். பிரேக் குழாய், பெட்ரோல் குழாய் எல்லாம் தரையை ஒட்டித்தான் ஓடுகின்றன. உள்ளே கார்பெட்டுக்கு அடியில் கதவோரமாக ஒயர் கட்டு போகும். ஆம்னி, ஈகோ வைத்திருக்கிறவர்கள் முன் சீட்டைத் தூக்கினால் எஞ்சினே அங்கேதான் இருக்கிறது, அவர்கள் இந்தப் பக்கத்தை இங்கேயே மூடிவிடலாம். எலக்ட்ரிக் வண்டியில் தரைக்குக் கீழே பேட்டரி, அதில் ஓட்டை போடும் பேச்சே வேண்டாம்.

தட்டை சப்வூஃபருக்கு கூடவே வரும் பட்டையும் வெல்க்ரோவும் போதும். மரப்பெட்டி பத்து கிலோ வரும், அவசரமாக பிரேக் அடித்தால் பறந்து வரக்கூடாது. தரையில் ஏற்கெனவே இருக்கிற, கம்பெனி கொடுத்த கொக்கிகளில் பட்டை போட்டு இறுக்குவதுதான் என் வழி. சீட் போல்ட்டைக் கழற்றி அதில் கிளாம்ப் கொடுக்கிற பழக்கம் கடைகளில் உண்டு, எனக்கு ஒப்பாது. அந்த போல்ட் விபத்தில் உங்களைப் பிடித்து வைக்க இருக்கிறது.

சீட்டுக்கு அடியில் மஞ்சள் கனெக்டர் ஒன்று இருக்கிறதே, கழற்றலாமா?

கூடாது. மஞ்சள் என்றால் ஏர்பேக் சம்பந்தப்பட்டது. சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் இருக்கிற வண்டிகளில் அதன் ஒயர் சீட்டுக்கு அடியில்தான் வரும். சீட் பெல்ட் ரிமைண்டர் ஒயரும் பக்கத்திலேயே ஓடும், 2019 ஜூலைக்குப் பிறகு வந்த கார்களில் முன் சீட் இரண்டுக்கும் அது கட்டாயம். கழற்றிவிட்டு சாவி போட்டால் மீட்டரில் ஏர்பேக் விளக்கு எரியும், அப்புறம் சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் போட்டுத்தான் அணைக்க முடியும். சீட்டை முழுதாக வெளியே எடுத்தே ஆக வேண்டும் என்றால் பேட்டரி மைனஸைக் கழற்றிப் பத்து நிமிடம் காத்திருந்து செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். சப்வூஃபரை வைத்தபின் சீட்டை முன்னும் பின்னும் தள்ளி அந்த ஒயர் எங்கும் நசுங்கவில்லை என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

டிரைவர் சீட்டா, பக்கத்து சீட்டா?

பக்கத்து சீட்டு. டிரைவர் சீட்டுக்கு அடியில் எது கழன்றாலும் உருண்டு போய்ச் சேருகிற இடம் பிரேக் பெடல். வேகன் ஆரில் பக்கத்து சீட்டுக்கு அடியில் ஒரு ட்ரே இருக்கும், அதை எடுத்துவிட்டால் நல்ல இடம். பின்னால் கால் பக்கம் காற்று வருகிற ஏசி குழாய் சில வண்டிகளில் சீட்டுக்கு அடியில் ஓடுகிறது, அதன் வாயை அடைத்துவிட்டால் பின் சீட்டிலிருந்து திட்டு வரும்.

டப்பாவில் 1000 வாட்ஸ் என்று போட்டிருக்கிறதே?

டப்பாவை விடுங்கள், அதன் ஃப்யூஸைப் பாருங்கள். 10 ஆம்பியர் ஃப்யூஸ் என்றால் எஞ்சின் ஓடும்போது 13.5 வோல்ட்டில் உள்ளே போவதே 135 வாட்ஸ், அதிலிருந்து தொடர்ந்து 1000 எப்படி வெளியே வரும்? மின்சாரத்தை அதிகம் வீணாக்காத கிளாஸ் டி வகை ஆம்ப் என்றாலும் நூறு சொச்சம்தான். ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய வாட்ஸ்) என்று போட்டிருக்கிற எண்ணை மட்டும் நம்புங்கள். சீட்டுக்கு அடியில் 75 முதல் 150 ஆர்எம்எஸ் இருந்தால் ஒரு ஹேட்ச்பேக்குக்கு நிறைவு.

150 ஆர்எம்எஸ் ஆம்ப் சுமார் 14 ஆம்பியர் இழுக்கும், 20 ஆம்பியர் ஃப்யூஸ், 8 கேஜ் தாமிர ஒயர். அலுமினியத்துக்குத் தாமிரப் பூச்சு பூசி பாதி விலைக்கு விற்கிறார்கள், வாங்காதீர்கள், சுரண்டிப் பார்த்தால் வெள்ளையாகத் தெரியும். ஃப்யூஸ் பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் இருக்க வேண்டும், ஆம்ப் பக்கத்தில் இருந்து பிரயோஜனம் இல்லை, நடுவில் ஒயர் உரசித் தீப்பிடிக்காமல் காப்பாற்றத்தான் அது. எர்த்துக்கு தரையில் பெயின்ட்டைச் சுரண்டி உலோகம் தெரிகிற இடத்தில் தனியாக போல்ட்.

செட்டிங் எப்படி வைப்பது?

லோ பாஸை, அதாவது குறித்த அளவுக்குக் கீழே உள்ள ஒலியை மட்டும் சப்வூஃபருக்கு விடுகிற வடிகட்டியை, 80 ஹெர்ட்ஸில் ஆரம்பியுங்கள். ஆண் பாடகரின் குரல் சீட்டுக்கு அடியிலிருந்து கேட்டால் இன்னும் கீழே இறக்குங்கள். கதவு ஸ்பீக்கருக்கு ஹை பாஸ் (மேலே உள்ள ஒலியை மட்டும் விடுவது) அதே 80. அப்புறம் 80 ஹெர்ட்ஸ் டோனைப் போட்டு, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஃபேஸ் சுவிட்சை (கோன் தள்ளுவதையும் இழுப்பதையும் தலைகீழாக்குவது) 0, 180 என்று மாற்றிப் பாருங்கள், எதில் சத்தம் அதிகமோ அதுதான் சரி. இந்த ஒரு சுவிட்சைப் பார்க்காமல் "பேஸே இல்லை" என்று சப்வூஃபரைத் திருப்பிக் கொடுத்த ஆளை எனக்குத் தெரியும். பேஸ் பூஸ்ட்டைப் பூஜ்யத்தில் வையுங்கள். பேஸ் கிட்டாரின் ஆகக் கீழ்க் கம்பியே 41 ஹெர்ட்ஸ்தான், தட்டை சப்வூஃபரை 30க்கு அடிக்கச் சொல்லித் துன்புறுத்த வேண்டாம்.

எல்லாம் சரி, ஏதோ ஒன்று கடகடவென்று அடிக்கிறது?

பெரும்பாலும் சப்வூஃபர் இல்லை, சீட். 40லிருந்து 100 வரை டோனை மெதுவாக ஏற்றிக்கொண்டே கையால் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பாருங்கள்: சீட் லீவர், சீட் பெல்ட் கொக்கி, ரயிலின் பிளாஸ்டிக் மூடி, சீட் ஸ்பிரிங். கை வைத்ததும் சத்தம் நின்றால் குற்றவாளி அதுதான். ஒரு வண்டியில் இரண்டு மணி நேரம் தேடியபின் க்ளவ் பாக்ஸில் கிடந்த சில்லறை டப்பா என்று தெரிந்தது.

தண்ணீர் பட்டால்?

என் இரண்டாவது சொதப்பல். வெயில் காலம், மழையே இல்லை, ஆனால் பக்கத்து சீட்டு கார்பெட் நனைந்திருந்தது. தண்ணீர் பாட்டில் கொட்டியிருக்கும் என்று விட்டுவிட்டேன். ஏசியின் தண்ணீர் வெளியேறுகிற குழாயில் தூசி அடைத்து, தண்ணீர் உள்ளேயே சொட்டிக்கொண்டிருந்திருக்கிறது. பத்து நாளில் ஆம்ப் போர்டில் பச்சை பூத்து, சப்வூஃபர் செத்துப்போனது. அதற்குப் பிறகு எந்த வண்டியிலும் சப்வூஃபரை நேரடியாகக் கார்பெட்டில் வைப்பதில்லை, அடியில் 10 மிமீ ரப்பர் துண்டுகள் கொடுத்துத் தூக்கியே வைக்கிறேன், ஏசி குழாயையும் வருடத்துக்கு ஒரு முறை ஊதச் சொல்லிவிடுகிறேன். ரோட்டில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிற ஊர்க்காரர்கள் மழைக்காலம் வரும்போது இரண்டு கனெக்டரைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோகிற மாதிரி பொருத்திக்கொள்வது நல்லது.

வாரன்டி, இன்சூரன்ஸ்?

கம்பெனி ஒயரை வெட்டாமல் கப்ளர் (நடுவில் செருகுகிற இணைப்பு பிளக்) போட்டு எடுங்கள், வாரன்டி தகராறு குறையும். வெளியில் போட்ட மின் சாதனங்களைப் பாலிசி எடுக்கும்போதே மதிப்பு சொல்லிச் சேர்க்க வேண்டும், பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள். சேர்க்கவில்லை என்றால் திருட்டுப் போனாலும் காசு வராது.

இவ்வளவு செய்தும், டிக்கியில் வைக்கிற 12 இஞ்ச் மாதிரி அடிக்குமா?

அடிக்காது. பக்கத்து வண்டிக்காரர் திரும்பிப் பார்க்க மாட்டார், கண்ணாடி அதிராது. ஆனால் முதுகுக்கு அடியில் சீட்டே மெலிதாக அதிர்வதால், சத்தம் குறைவாக இருந்தாலும் பேஸ் உடம்பில் தெரியும். பெரியப்பா இப்போதும் அந்த சீட்டில்தான் ஏறுகிறார், ஏறும்போது மட்டும் "டேய், அடியில ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டுவிட்டு உட்காருகிறார்.